அப்புச்சி தண்ணி

ஆமை வளர்க்க ஆசைப்படுகிறவர்களில் பாதிப் பேர் முதலில் ஆமையை வாங்கிவிட்டுப் பிறகுதான் தொட்டியைத் தேடுவார்கள். அது தவறு. தொட்டியை முதலில் வைத்து, தண்ணீர் நிரப்பி, பல்பையும் மோட்டாரையும் சில நாள் ஓட விட்டுப் பார்த்த பிறகுதான் குட்டியைக் கொண்டுவர வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன்.

நீங்கள் கேட்டது ஆமையைப் பற்றி இல்லை என்று எனக்குத் தெரியும் சார். என் மகள் ஸ்ரீநிகா போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் சாவுக்குக் காரணமானவர் மேல் புகார் கொடுக்க வந்திருக்கிறேன். அவர் என் மாமனார் காளிச்சாமி. எடுத்த எடுப்பில் இப்படிச் சொன்னால், ஏதோ தோப்புத் தகராறில் மருமகன் பழி போடுகிறான் என்றுதான் உங்களுக்குத் தோன்றும். அதனால் ஆரம்பத்திலிருந்து வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். டீ வேண்டாம். தப்பாக நினைக்காதீர்கள், வெளியிடத்துக் கிளாஸில் குடிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

என் பெயர் தீபக். மோட்டார் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். வார்ப்பில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் சிவப்புச் சாக்பீஸில் ஒரு கோடு போட்டு ஒதுக்கிவிடுவேன். அங்கே என்னைச் சிடுமூஞ்சி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், நான் பார்த்து அனுப்பிய பம்ப் எதுவும் திரும்பி வந்ததில்லை. சிங்காநல்லூரில் குளத்துக்குப் பக்கத்தில் வீடு. நான், என் மனைவி கீதா, பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்த ஸ்ரீநிகா. மூன்று பேருக்கு அளவான வீடு.

மாமனாருக்கு உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்பு. மாமியார் தவறியதும் தோப்பை மகன் லட்சுமணசாமியிடம் விட்டுவிட்டு எங்களிடம் வந்தார். கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்றுதான் வந்தார். ஆனால் ஸ்ரீநிகா அவரிடம் பசை போல ஒட்டிக்கொண்டாள். காலையில் கண் திறந்தால் அப்புச்சி, பள்ளி வேன் இறக்கிவிட்டால் அப்புச்சி. அவருக்கு அவள் அம்மணி. அம்மாவின் அப்பா மேல் குழந்தைக்குப் பிரியம் இருப்பதை நான் குறை சொல்லவில்லை.

அவர் கெட்டவரும் இல்லை. ஒரு நாளும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. என்னைவிட அவ்வளவு மூத்தவர், என்னை வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். ஆனால் அவரோடு ஒரே வீட்டில் இருப்பது என்றால் என்ன என்பது இருந்து பார்த்தால்தான் தெரியும். விடிந்ததும் வாஷ் பேசினில் காறுவார். அடிவயிற்றிலிருந்து இழுத்துக் காறித் துப்பிவிட்டு, துப்பியதைக் குனிந்து பார்ப்பார். தண்ணீர் ஊற்றுவார், ஆனால் எல்லாம் போகாது. ஓரத்தில் நூல் போல ஒட்டிக்கொண்டு ஆடும். அதைப் பார்த்துக்கொண்டு நான் பல் துலக்க வேண்டும். பேப்பர் படிக்கும்போது விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கத்தைத் திருப்புவார்; அதே விரலால் ஃபேன் போடுவார், ஃப்ரிட்ஜைத் திறப்பார். பல்செட்டைக் கழற்றி எவர்சில்வர் டம்ளரில் போட்டு வைப்பார், நாங்கள் காப்பி குடிக்கிற டம்ளர் அது. தயிர்ச் சோறு பிசைந்தால் விரலிடுக்கில் பிதுங்கி முழங்கை வரை வழியும். அதை நாக்கை நீட்டி நக்குவார். அருவருப்பு என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். எனக்கு அது சாப்பாட்டுத் தட்டின் முன் உட்காரும் போதெல்லாம் தொண்டையில் வந்து நிற்கும். நான் மெலிந்துபோனேன். கீதா சர்க்கரை இருக்கிறதா என்று என்னைப் பரிசோதனைக்கு அனுப்பினாள்.

தண்ணீர் விஷயத்தைக் கவனமாகக் கேளுங்கள். எங்கள் வீட்டில் குடிக்க ஆர்.ஓ. மெஷின் வைத்திருக்கிறேன். நாங்கள் மூவரும் அதில்தான் குடிப்போம். அவர் தொடமாட்டார். சிறுவாணித் தண்ணீர் என்றால் அந்தத் தலைமுறைக்கு இருக்கிற கிறுக்கு உங்களுக்கே தெரியும். அந்தக் காலத்தில் உடுமலையிலிருந்து கோயம்புத்தூருக்கு வேலையாக வந்தால், திரும்பும்போது ஒரு கேனில் சிறுவாணி பிடித்துக்கொண்டு பஸ் ஏறுவாராம்.

"இந்த மெசின் தண்ணி செத்த தண்ணிங்க மாப்பிள்ளை. சிறுவாணி வர்ற ஊர்ல இருந்துக்கிட்டு இதையக் குடிக்கோணுமுங்களா?"

"அப்படீன்னா காய்ச்சியாவது குடிங்க மாமா" என்றேன்.

"காச்சுனா சப்புன்னு போயிருமுங்க. அதுக்கு நான் சும்மாவே இருந்துக்கலாம்."

ஆகவே அவருக்கென்று ஒரு செம்புச் சொம்பு. குழாயில் சிறுவாணி வரும் நாளில் பிடித்து மூடி வைத்திருக்கும் டிரம்மிலிருந்து அதை நிரப்பி, தட்டுப் போட்டு, கட்டில் பக்கத்தில் வைக்க வேண்டும். கை நடுக்கம் காரணமாக அண்ணாந்து குடிக்க அவரால் ஆகாது. வாய் வைத்து உறிஞ்சுவார். விளிம்பில் எச்சில் காய்ந்து வெள்ளையாகத் தடம் இருக்கும்.

ஒரு நாள் வேலை முடிந்து நான் சீக்கிரம் வந்துவிட்டேன். கூடத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். கடலை மிட்டாயை அவர் காக்காய்க் கடி கடித்து உடைத்தார். நாமெல்லாம் சின்ன வயதில் சட்டைத் துணியை மேலே போட்டாவது கடிப்போம். அவர் அப்படியே வாயில் வைத்துக் கடித்து, பல்செட்டின் ஈரம் மின்னுகிற பாதியை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கித் தின்றாள். பிறகு, "அப்புச்சி தண்ணி வேணும்" என்றாள். அந்தச் சொம்புத் தண்ணீருக்கு அவள் வைத்திருந்த பெயர் அது. அவர் வாய் வைத்த அதே விளிம்பில் வாய் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். கொல்லைக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

அன்றைக்கே அவரிடம் பேசினேன். கோபப்படாமல்தான் பேசினேன்.

"மாமா, உங்க எச்சிலைக் குழந்தைக்குக் குடுக்காதீங்க. திங்கறதும் வேண்டாம், அந்தச் சொம்புத் தண்ணியும் வேண்டாம்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "தப்புதானுங்க மாப்பிள்ளை. பழக்க தோசம். இனிமே குடுக்கலீங்க."

அதற்குப் பிறகு என் கண்ணில் அப்படி எதுவும் படவில்லை. நிறுத்திவிட்டார் என்று நம்பினேன். இந்த இடத்தை மட்டும் அடிக்கோடிட்டு எழுதிக்கொள்ளுங்கள் சார்.

நிறுத்திவிட்டார் என்றாலும் மற்றதெல்லாம் நிற்கவில்லை. காறுவது, நக்குவது, டம்ளரில் பல். கீதாவிடம் சொல்லிப் பார்த்தேன். உன் அண்ணன் வீட்டில் கொஞ்ச நாள் இருக்கட்டுமே என்றேன்.

"அண்ணி ஒரு வாய்ச் சோத்துக்கு ஒம்பது பேச்சுப் பேசுவாங்க" என்றாள். "எங்கப்பன என்ர ஊட்டை விட்டு நானே தாட்டி உடறதுங்களா? அவரா நோவு நொடின்னு படுத்து, அண்ணன் வந்து கூட்டிட்டுப் போனா அது வேற."

வழி சொன்னது அவள்தான். சொன்னது அவளுக்கே தெரியாது, அதனால் அவளைக் குறை சொல்லமாட்டேன்.

இப்போது ஆமைக்கு வருகிறேன். மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி, கூடத்து ஜன்னலுக்குக் கீழே. குட்டிக்கு ஆழமான தண்ணீர் ஆகாது. புரண்டுவிட்டால் நிமிர முடியாமல் மூழ்கிப்போகும். ஓடு மூழ்கிக் கொஞ்சம் மேலே நிற்கிற அளவு போதும். ஏறி உட்கார ஒரு காய்ந்த மேடு வேண்டும். தண்ணீரிலும் தரையிலுமாகப் பிழைக்கிற ஜீவன் அது. உடம்பு முழுக்கக் காய இடம் இல்லாவிட்டால் ஓட்டில் பூஞ்சை பிடிக்கும். மேட்டுக்கு மேலே சூட்டுக்கு ஒரு பல்பு, வெயிலுக்குப் பதிலாகப் புற ஊதாக் கதிர் தருகிற ஒரு பல்பு. கண்ணாடி மூடி போட்டால் அந்தக் கதிர் உள்ளே இறங்காது என்பதால் கம்பி வலை போட்டேன். கூழாங்கல் அதன் வாய்க்குள் போகாத அளவு பெரியதாகப் பொறுக்கினேன். தண்ணீரை வடிகட்ட, கம்பெனியில் ஒதுக்கிப் போட்ட சின்ன மோட்டாரைச் சரிசெய்து, பஞ்சும் சல்லியும் அடைத்து நானே ஒரு ஃபில்டர் கட்டினேன். குளோரின் ஆவியாகட்டும் என்று தண்ணீரை வாய் அகன்ற வாளியில் பிடித்து வைத்திருந்துதான் ஊற்றினேன். தொட்டியின் அடியில் கிடந்த ஒவ்வொரு கல்லும் வாசலில் இருந்து பார்த்தாலே தெரியும். எங்கள் வீட்டிலேயே சுத்தமான இடம் அதுதான்.

குட்டியை உக்கடத்தில் அப்துல் முத்தலிப் என்பவரின் வண்ண மீன் கடையில் வாங்கினேன். உள்ளங்கைக்குள் அடங்கும் பச்சைக் குட்டி. ஸ்ரீநிகா அதற்குப் பட்டன் என்று பெயர் வைத்தாள். அவள் அன்று சிரித்த மாதிரி சிரித்து நான் பார்த்ததில்லை.

"பாப்பா தொட்டா சோப்புப் போட்டுக் கை கழுவ வெச்சிருங்க சார்" என்றார் முத்தலிப். "ஆமைக்கு ஒண்ணும் ஆகாது, நமக்குத்தான் வயித்தால போகும்."

தெரியும் என்றேன். ஸ்ரீநிகா தொட்டியில் கை வைத்தால் உடனே அவளை முக்காலியில் ஏற்றி, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு எல்லாம் நானே சோப்புப் போட்டுக் கழுவிவிடுவேன். ஒரு முறைகூடத் தவறியதில்லை. கீதா அதைப் பார்த்து, உங்களைப் போல ஒரு அப்பன் கிடைக்கக் குழந்தை கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்பாள்.

மாமனாருக்குப் பிடிக்கவில்லை. "ஆமையப் போயி ஊட்டுக்குள்ள வெச்சிருக்கறீங்களே மாப்பிள்ளை, நல்லாவா இருக்குது?" என்றார். ஆனால் பேத்தி கூப்பிட்டதும் தொட்டியருகே போய் உட்கார்ந்துகொண்டார். அவள் கேட்டால் குட்டியைக் கையில் எடுத்துக் காட்டுவார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அப்படியே போய் வாழைப்பழத்தை உரிப்பார். நான் தடுக்கவில்லை. அவருக்கு நாளைக்கு வயிற்றுக்கு ஏதாவது வந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள் என்பதைக் கவனித்துக்கொண்டேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஸ்ரீநிகா ஆமை கேட்டது உண்மை. ஆனால் அவள் கிளியும் கேட்டாள், முயலும் கேட்டாள். ஆமையைத் தேர்ந்தெடுத்தது நான். குட்டி ஆமைகளின் கழிவில் என்ன கிருமி இருக்கிறது, அது குழந்தைகளையும் வயதானவர்களையும் என்ன பாடு படுத்தும் என்பதையெல்லாம் வாங்குவதற்கு முன்பே படித்திருந்தேன். தொட்டிக்கு அவ்வளவு மெனக்கெட்டதும் அதனால்தான். என் மகள் கை வைக்கிற தண்ணீரில் அழுக்கு இருக்கக் கூடாது. தீனி போட மட்டும் தனியாக ஒரு பிளாஸ்டிக் டப்பா வைத்திருந்தேன். தின்ற கையோடு குட்டி அங்கேயே கழிந்துவிடும், தொட்டி கெடாது. விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். அந்த டப்பாத் தண்ணீரை மட்டும் நான் கீழே கொட்டவில்லை. கொல்லையில் ஒரு மூடி போட்ட பாட்டிலில் சேர்த்து வைத்தேன். வடிகஞ்சி போலக் கலங்கி, மேலே தீனித் துணுக்கு மிதந்து, அடியில் கழிவு படிந்து, திறந்தால் குடலைப் பிடுங்கும். அதை எடுக்கும்போது எப்போதும் கையுறை போட்டுக்கொள்வேன்.

மாமனாரின் சொம்பை நிரப்புகிற வேலையையும் நானே எடுத்துக்கொண்டேன். கீதாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். மாமனாருக்கோ கூச்சம்.

"நீங்க எதுக்குங்க மாப்பிள்ளை, நானே மோந்துக்குவனுங்க" என்பார்.

இருக்கட்டும் மாமா என்பேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். பரவாயில்லை, நிதானமாகவே சொல்கிறேன். நான் ஊற்றியது கொஞ்சம்தான், சொம்பில் நிறம் தெரியாத அளவு. செம்பு வாசத்தில் நாற்றமும் தெரியவில்லை. அவர் உறிஞ்சிக் குடித்துவிட்டு, "சிறுவாணி சிறுவாணிதானுங்க" என்றார். எனக்கு அன்றைக்கு வெகு நாள் கழித்து நன்றாகப் பசித்தது. அவரைக் கொல்ல வேண்டும் என்று எனக்கு எண்ணம் கிடையாது. படுக்க வேண்டும், மகன் வந்து கூட்டிப் போக வேண்டும், அவ்வளவுதான். ஒருவேளை போய்ச் சேர்ந்திருந்தாலும் அவர் வயதுக்கு அது அகாலம் இல்லை.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. வயிறு கொஞ்சம் கடமுடா என்றது, கீதா சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள், எழுந்து உட்கார்ந்துவிட்டார். மண்ணில் உழைத்த உடம்பு. பம்புக்கு அழுத்தம் கொடுத்துச் சோதிக்கும்போது கசிவு தெரியவில்லை என்றால் அழுத்தத்தைக் கூட்டிப் பார்ப்போம். நானும் அளவைக் கூட்டினேன். இந்த முறை படுத்துவிட்டார். காய்ச்சல், வாந்தி, எழுந்து கழிப்பறை போவதற்குள் வேட்டி நனைந்துவிடும். கீதா முகம் சுளிக்காமல் எல்லாம் அலசிப் போட்டாள். அந்த வாடை ஒன்றுதான் நான் எதிர்பார்க்காத தொந்தரவு. லட்சுமணசாமிக்கு நானே போன் செய்தேன். மச்சானும் மறுபேச்சு இல்லாமல் கார் எடுத்து வருவதாகச் சொன்னார். பெட்டி கட்டியாகிவிட்டது. எல்லாம் நான் நினைத்தபடி நடந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் ஸ்ரீநிகாவுக்குக் காய்ச்சல் வந்தது.

நானும் கீதாவும் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பார்த்தவர் சின்ன வயது டாக்டர், பொறுமையானவர். வைரஸ் காய்ச்சல் மாதிரித்தான் தெரிகிறது என்றார். கீதா மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் என்னிடம் வேறு சில கேள்விகள் கேட்டார். வெளியே சாப்பிட்டாளா, வீட்டில் வேறு யாருக்காவது உடம்பு சரியில்லையா என்றெல்லாம்.

"வீட்டுல நாய், பூனை, பறவை, ஆமை ஏதாவது வளக்கறீங்களா?"

"இல்லீங்க டாக்டர்" என்றேன். வேறு யாருக்கும் நோவு இல்லை என்றும் சொன்னேன்.

அது யோசித்துச் சொன்ன பதில் இல்லை. சொன்ன பிறகு யோசித்தேன். ஆமை என்றால் தண்ணீரைப் பார்ப்பார்கள், தண்ணீரைப் பார்த்தால் சொம்பைப் பார்ப்பார்கள். தவிர, அவளுக்கு அது வர வழியே இல்லை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவள் கையை நான்தானே கழுவிவிடுகிறேன்.

மாற்றுத் துணி எடுத்துவர வீட்டுக்குப் போனேன். போன கையோடு பாட்டிலைக் கவிழ்த்துக் கழுவி எறிந்தேன். குட்டியைக் கொண்டுபோய்க் குளத்தில் விட்டேன். பிறகு தொட்டியைக் காலி செய்து பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்க உட்கார்ந்தேன். மாமனார் கட்டிலில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்து காதோரம் இறங்கியது.

"மாப்பிள்ளை, அம்மணிக்கு எப்படீங்க இருக்குது?"

பரவாயில்லை என்றேன்.

"நாந்தானுங்க கெடுத்துப்போட்டேன். உங்ககிட்டச் சொன்னா வைவீங்கன்னு சொல்லலீங்க. அப்புச்சி தண்ணின்னு வந்து நிக்குமுங்க, எனக்கு மனசு கேக்காதுங்க. நீங்க இல்லாதப்ப ஒரு வாய் குடுத்துருவேன். எனக்குக் காச்சல் வந்த பொறகுகோடக் குடுத்தனுங்க. எம்பட நோவு அம்மணிக்கு ஒட்டிக்கிச்சுங்க."

கையில் பிரஷ்ஷோடு அப்படியே நின்றேன். சட்டைப் பையில் போன் இருந்தது. டாக்டர் தன் நம்பரைக் கொடுத்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் என்பது அப்போதே எனக்குத் தெரியும். ஆனால் என் மனதில் ஓடியது வேறு. இந்த மனிதர் என்னிடம் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, என் முதுகுக்குப் பின்னால் தினமும் என் குழந்தையின் வாயில் தன் எச்சிலை வைத்திருக்கிறார். தொட்டியைத் தேய்த்து முடித்தேன். பாதியில் விட்டால் கண்ணாடியில் திட்டுத் திட்டாகக் கறை நின்றுவிடும். துடைத்து, காயவைத்து, பரணில் ஏற்றிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன்.

அவள் அதற்கு மேல் கண் விழிக்கவில்லை. கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். முதலிலேயே தெரிந்திருந்தால் வேறு மருந்து கொடுத்திருப்பேன் என்று அந்த டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னார். நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன்.

வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் போய்ப் பிடித்தது மாமனாரின் கையை. "எம்பட எச்சில்தானுங்க அம்மணியக் கொன்னுபோட்டுது" என்று அவர் நெஞ்சில் அறைந்துகொள்ள, நீங்க என்னங்க பண்ணுவீங்க, பாசத்தில் கொடுத்தது என்று ஆளாளுக்குத் தேற்றினார்கள். கீதா அவர் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். மூக்குச் சளியைத் துடைத்த அதே கை. மகனோடு போகவிடமாட்டேன், அப்பா இனி என்னோடுதான் இருப்பார் என்று கீதா எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். எனக்கு அங்கே ஒரு நிமிஷம் நிற்க முடியவில்லை. நேராக இங்கே வந்தேன்.

என் பங்கை நான் மறைக்கவில்லை சார். சொம்பில் ஊற்றியது நான். தெரிந்துதான் ஊற்றினேன், மறுபடியும் ஊற்றினேன், டாக்டர் கேட்டபோது பொய் சொன்னேன், தெரிந்த பிறகும் போன் செய்யவில்லை. எழுதுங்கள், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என் மகள் வாயில் நான் ஊற்றவில்லை. குழந்தைக்குக் கொடுக்காதீர்கள் என்று அவரிடம் மரியாதையாகச் சொன்னேன். அவர் ஒப்புக்கொண்டார், சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை. அவர் இப்போது வீட்டில்தான் இருக்கிறார். எப்போது போய்ப் பிடித்து வருவீர்கள்?